நடுங்காத கை

எங்கள் வீட்டுச் சுவரில் முருகன், மாரியம்மன், என் மாமனார் என்று மூன்று படங்கள் உண்டு. நாலாவதாக ஓர் ஆளின் படத்தை என் வீட்டுக்காரர் மாட்டினார். மூன்றுக்கும் ஒரு சாண் மேலே ஆணி அடித்து மாட்டினார். வெள்ளை ஜிப்பா, நரைத்த தாடி, தோளில் காவித் துண்டு. பெயர் பாவாடை. பாவாடைராயனுக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைகளுக்கு எங்கள் பக்கம் அப்படிப் பெயர் வைப்பதுண்டு. ஊர் அவரைக் கயிற்றுச் சாமி என்கிறது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் அய்யா.

எனக்கு அந்த ஆளை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. காரணம் கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. எல்லோரும் ஒருத்தரை ஒரேயடியாகப் புகழ்ந்தால் எனக்கு அந்த ஆளைத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் தோன்றும். சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதும் அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் அறிவரசன் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறார். நான் ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலைக்குப் போகும் வழியில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் குடி. என்ன குடி என்றால், அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் எங்கள் மகள் நந்தினி புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த அளவுக்குக் குடி. அப்படிப்பட்டவரை யாரோ கூட்டாளிதான் கீழப்பழுவூர் தாண்டி ஒரு வேப்பந்தோப்பில் இருக்கும் சாமியின் மடத்துக்கு அழைத்துப் போனான்.

அங்கே வழக்கம் இதுதான். குடியை விட நினைப்பவன் தலை முழுகிவிட்டு ஈர வேட்டியோடு உட்கார வேண்டும். சாமி அவன் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டி மூன்று முடிச்சுப் போடுவார். கயிறு கையில் இருக்கும்வரை ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. மீறினால் ரத்தம் கக்கிச் சாவான் என்று நம்பிக்கை. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் காலையில் பழைய கயிற்றை அறுத்து வேப்பமரத்தில் கட்டிவிட்டுச் சாமி கையால் புதுக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். முடிச்சு இறுகி நிற்க வேண்டும். கட்டும்போதே தளர்ந்துவிட்டால் அவன் தேற மாட்டான் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு முடிச்சு நின்றது. சில நாள் மடத்திலேயே கிடந்துவிட்டு வந்தார். மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது, தொடவில்லை. நந்தினி இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறாள்.

இதற்குமேல் உனக்கு என்ன வேண்டும் மணி என்று யாரும் கேட்கலாம். நானே என்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. ஆனால் அவர் குடியை விட்ட இடத்தில் அய்யாவைப் பிடித்துக்கொண்டார். சாம்பாரில் உப்பு குறைந்தால், "நாக்க அடக்கணும்னு அய்யா சொல்லிருக்காரு." நந்தினிக்குக் காய்ச்சல் என்றால், "அய்யா படத்துக்கிட்ட கொஞ்ச நேரம் படுக்க வையி." போன் அடித்தால் சாமி பேசிய பேச்சுதான் மணியாக ஒலிக்கும். நடையும் மாறி, சாமி மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். டிப்பர் ஓட்டுகிறவருக்கு அந்த நடை கொஞ்சமும் பொருந்தவில்லை. "ஸ்டீயரிங்கையும் பின்னால கை கட்டிக்கிட்டுத்தான் புடிக்கிறீங்களா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். ரெண்டு நாள் பேசவில்லை.

என் பயம் வேறு. இவரை நிமிர்த்தி வைத்திருப்பது ஒரு மனிதன். அந்த மனிதன் சறுக்கினால் இவர் என்ன ஆவார்? இதை நினைத்தால் அடுப்பில் இட்லி வேகிறதே எனக்கு மறந்துபோகும்.

போன தை அமாவாசைக்கு நானும் மடத்துக்குப் போயிருந்தேன். கயிறு கட்டி முடிந்ததும் பெண்கள் திருநீறு வாங்கிக்கொள்ளலாம். என் முறை வந்தது. சாமி குனிந்து என் நெற்றியில் திருநீறு வைத்தார். அவர் வாயிலிருந்து கொய்யா இலை வாசனை வந்தது.

மற்றவளாக இருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது. குடிகாரனோடு குடித்தனம் செய்தவளுக்குக் கொய்யா இலை என்றால் என்னவென்று தெரியும். என் வீட்டுக்காரர் குடித்த காலத்தில் வாடையை மறைக்கப் பாக்கு, கிராம்பு, சோம்பு எல்லாம் மென்று பார்த்தார். கடைசியில் கொய்யா இலையில் வந்து நின்றார். பக்கத்து வீட்டுக் கொய்யா மரம் அவர் புண்ணியத்தில் மொட்டையாகவே நின்றது.

திருநீறு வாங்கிய கையோடு மடத்தின் கொல்லைப் பக்கம் போனேன். அங்கே ஒரு கொய்யா மரம். உச்சியில் இலை தழைத்திருந்தது, கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் இலை இல்லை. மடத்தில் சமைக்கும் கலியம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, மரத்த யாரு இப்புடி மொட்டையடிச்சது?"

"அய்யாவுக்குப் பல்லு வலி. எல மென்னா கேக்கும்."

"டவுன்ல பல்லு டாக்டரு இல்லியா?"

கலியம்மாள் ஏற்கெனவே துலக்கிய குண்டானை மறுபடி எடுத்துத் துலக்க ஆரம்பித்தாள். எனக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நான் சொல்வதை நம்பாவிட்டால் சண்டை. நம்பிவிட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து. அய்யாவே குடிக்கிறார் என்றால் அறிவரசன் மட்டும் எதற்குக் காய்ந்து கிடக்க வேண்டும்? தெரிந்துகொள்ளவும் துடித்தேன், தெரிந்தது பொய்யாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு விளக்கும் போட்டேன்.

ஆனி மாசம் சின்ன வெங்காயம் வாங்கப் பெரம்பலூர் போனேன். கடைக்கு மொத்தமாக வாங்கினால் அங்கேதான் கட்டும். மூட்டையை ஏற்றிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழியில் வந்தேன். உச்சி வெயில். வழியில் ஒயின் ஷாப், அதன் முன்னால் ஆள் வரிசை. தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஒருத்தர் கையைப் பின்னால் கட்டியபடி நின்றார். அந்த நடையை, அந்த நிற்பை நான் கிண்டல் செய்திருக்கிறேன். என் வீட்டுக்காரரேதான். மஞ்சள் கயிறு கட்டிய அந்தக் கையை நீட்டிப் பாட்டிலை வாங்கினார், பேப்பரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்தார், போனார்.

நடு ரோட்டில் கத்தத் தயங்குகிற ஆள் இல்லை நான். அன்றைக்கு மட்டும் ஒரு பழக்கடை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது கையில் துடைப்பத்தோடுதான் நின்றேன். ஆனால் வந்தவர் தெளிவாக இருந்தார். கண் சிவக்கவில்லை, கால் பின்னவில்லை. சோறு போடும்போது முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தேன். டீசல் வாடையும் வியர்வையும்தான். அவர் நந்தினியோடு கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். அவர் குளிக்கப் போன சமயத்தில் டிப்பர் கேபினைத் தலைகீழாகப் புரட்டினேன். பாட்டில் இல்லை. குடிக்கவில்லை, வண்டியிலும் இல்லை, அப்படியென்றால் பாட்டில் எங்கே போனது? கொய்யா மரம்தான் நினைவுக்கு வந்தது.

"ஆடி அமாவாசைக்கு நானும் வரேங்க" என்றேன். அவர் சந்தோஷப்பட்டார் பாவம். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

அன்றைக்குத் தோப்பில் முப்பது பேருக்குமேல் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். பழைய கயிறுகளை அறுத்து வேப்பமரத்தில் கட்டியாயிற்று. எல்லார் மணிக்கட்டும் வெறுமையாக இருந்தது. கயிறு இல்லாத அந்தக் கொஞ்ச நேரம் ஆண்கள் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். அத்தனை பேர் முகத்திலும் பயம் இருக்கும். தாம்பாளத்தில் புதுக் கயிறுகள் மஞ்சள் தடவி வைக்கப்பட்டிருந்தன. சாமி இன்னும் வரவில்லை.

என் வீட்டுக்காரரும் கயிற்றை அறுத்துவிட்டார். பிறகு மெல்ல எழுந்து மடத்தின் பின்பக்கம் போனார். நான் கொஞ்சம் பொறுத்துப் பின்னாலேயே போனேன்.

அடுப்படிக்குப் பக்கத்து அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. சாமி பாயில் உட்கார்ந்திருந்தார். அவர் இரண்டு கையும் தொடை மேல் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒயின் ஷாப் பாட்டிலிலிருந்து இருமல் மருந்து மூடியில் அளந்து அளந்து ஒரு டம்ளரில் ஊற்றினார். டம்ளரைச் சாமி கையில் கொடுத்தால் பல்லில் மோதியது. அதனால் பிடரியில் கை கொடுத்து, குழந்தைக்குப் பால் புகட்டுவது போல அவரே புகட்டினார். கலியம்மாள் கையில் கொய்யாக் கொழுந்தோடு காத்திருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கச் சாமியின் கை மெல்ல மெல்ல ஆட்டம் அடங்கி நின்றது.

நான் கதவைத் தள்ளினேன்.

"நல்ல பூசைதான் நடக்குது."

என் வீட்டுக்காரர் திடுக்கிட்டு எழுந்தார். "சத்தம் போடாத மணி. வெளில ஆளுங்க ஒக்காந்திருக்காங்க."

"எத்தன நாளா இது?"

"ரெண்டு வருசமா."

"குடிக்கக் கூடாதுன்னு கயிறு கட்டுற ஆளுக்கு நீங்களே ஊத்திக் குடுக்குறீங்களா?"

"ஊத்தலன்னா கை நடுங்குது. கை நடுங்கினா முடிச்சு நிக்காது. முடிச்சு நிக்கலன்னா நாங்கள்லாம் என்னாவுறது, நீயே சொல்லு?"

அவர் அதை ரொம்ப நியாயமாகச் சொன்னார். முப்பது பேர் குடிக்காமல் இருக்க வேண்டும் என்று ஒருத்தரைக் குடிக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் தப்பு என்ன என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பற்றிக்கொண்டுதான் வந்தது.

சாமி தலை நிமிராமல் பேசினார். "நான் விட்டு இருவது வருசம் ஆச்சு ஆத்தா. என் பொண்டாட்டி செத்துப்போனப்ப ஒருநாள் தொட்டேன். மறுநாளே மடத்தப் பூட்டிடுறேன்னு இவங்க ரெண்டு பேருகிட்டயும் சொன்னேன். கால்ல வுழுந்துட்டாங்க. பொறவு நானா நிறுத்திப் பாத்தேன். ஒடம்பே தூக்கிப் போட்டுச்சு. கயிறு கட்டுற நாளு வந்ததும் பயந்துபோயி இவங்களே ஊத்திட்டாங்க. ஆஸ்பத்திரில சேத்து வுடுங்கன்னு கேட்டேன். யாராச்சும் பாத்துட்டா என்ன ஆவுறதுன்னு அதுக்கும் வுடல."

நான் நம்பவில்லை. குடிகாரன் கண்ணீரை நம்புகிற வயசை எப்போதோ தாண்டிவிட்டேன். அடுத்தவன் ஊற்றினான், அதனால் குடித்தேன் என்ற கதையை என் வீட்டிலேயே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"சரிங்கய்யா. அரியலூரு கவர்மெண்டு ஆஸ்பத்திரில இதுக்குப் பாக்குறாங்க. இப்பவே கெளம்புறீங்களா?"

மழுப்புவார் என்றுதான் எதிர்பார்த்தேன். நாளைக்கு என்பார், அமாவாசை கழியட்டும் என்பார். அந்த ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

மழுப்பியது என் வீட்டுக்காரர்தான். "அய்யா, இன்னைக்கு ஒரு நாளு மட்டும் கட்டிட்டுப் போயிரலாம்யா."

இன்னைக்கு ஒரு நாளு மட்டும். எங்கள் வீட்டில் புழங்கிப் புழங்கித் தேய்ந்துபோன வார்த்தை அது. அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும், முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வெறும் கையை நீட்டியபடி நின்றார். "நீங்க கட்டலன்னா நான் குடிச்சிருவேன்யா. சத்தியமா குடிச்சிருவேன்."

என்னைப் பார்த்து மிரட்டுகிற குரல் இல்லை அது. பயந்த குரல். நான் இத்தனை நாள் பயந்தது அப்படியே எதிரில் வந்து நின்றது. ஒரு நிமிஷம் எனக்கும் ஆட்டம் கண்டுவிட்டது. இப்போதுதான் கை நிலையாக இருக்கிறதே, இவருக்கு மட்டுமாவது கட்டிவிடச் சொல்லலாமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அப்புறம் தரையில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன்.

"வரிசைல நின்னு இத வாங்குற கை யாரு கை? அளந்து ஊத்துற கை யாரு கை? இன்னும் எத்தன வருசத்துக்கு மூடியத் தொறந்து தொறந்து மூடுவீங்க? என்னைக்கோ ஒருநாளு அளக்காம ஊத்தி நீங்க குடிக்கத்தான் போறீங்க. அவரு விட்டாத்தான் இந்தச் சனியன் உங்க கைய வுட்டுப் போவும்."

அவர் நீட்டிய கையை இறக்கினார்.

சாமி வாசலுக்குப் போனார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். அவர் திருப்பிக் கும்பிட்டார். "நான் குடிக்கிறவன்ப்பா. ரெண்டு வருசமா குடிச்சிட்டுத்தான் ஒங்களுக்குக் கட்டுறேன். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறேன். என்ன மன்னிச்சிருங்க" என்றார். ஒருத்தன் சிரித்தான். ஒருத்தன் அசிங்கமாகத் திட்டினான். வயசான ஒருவர் தாம்பாளத்திலிருந்து கயிற்றை எடுத்துத் தானே பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். ரெண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று அப்போதே நினைத்தேன்.

ஆட்டோவில் நானும் சாமியும் போனோம். என் வீட்டுக்காரர் எங்களோடு ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் விவரம் கேட்டுக் கட்டில் கொடுத்தார்கள். டாக்டர் வந்து பார்த்து ஊசி எழுதினார். நர்சம்மா என்னிடம், "ஆம்பள வார்டும்மா, கூட ஒரு ஆம்பள இருந்தே ஆவணும். பிடிச்சுக்க ஆள் இல்லாம இவர வச்சுக்க முடியாது" என்றார். யாரைச் சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது அறிவரசன் வந்து சேர்ந்தார். ஈர வேட்டி உடம்பிலேயே காய்ந்திருந்தது. கையில் தாம்பாளத்திலிருந்து எடுத்து வந்த ஒரு மஞ்சள் கயிறு.

என்னைப் பார்க்கவே இல்லை. நேரே கட்டிலுக்குப் போய் மணிக்கட்டை நீட்டினார்.

"எனக்கு மட்டும் கட்டி வுட்டுருங்கய்யா."

சாமி கயிற்றை வாங்கினார். காலையில் ஊற்றியது இறங்கிவிட்டது போல, விரல்கள் திரும்ப ஆட ஆரம்பித்திருந்தன. முதல் சுற்றுச் சுற்றினார். முனை நழுவியது. மறுபடி சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். இழுத்ததும் அவிழ்ந்தது. மூன்றாவது தடவை கயிறு கையிலிருந்தே நழுவித் தரையில் விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் கீழே கிடந்த கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எடுக்கவில்லை. திரும்பி வார்டை விட்டு வெளியே நடந்தார்.

நான் பின்னால் ஓடினேன். "எங்க போறீங்க?"

"வரேன்."

"எங்கன்னு சொல்லிட்டுப் போங்க!"

கேட்டைத் தாண்டிக் கடைத்தெருப் பக்கம் போய்விட்டார். உள்ளேயிருந்து நர்சம்மா என்னைக் கூப்பிட்டார். சாமி கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார், பிடிங்க என்றார். தெருவுக்கு ஓடுவதா, வார்டுக்கு ஓடுவதா? யாருக்காக இத்தனையும் செய்தேனோ அவர் கயிறில்லாத கையோடு கடைத்தெருவில் போகிறார். எனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஆளின் தோளை நான் உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். சாமி நடுங்கியபடி, "அவனப் போய்ப் பாரு ஆத்தா, அவனப் பாரு" என்றார். அந்த ஒரு தடவைதான் அவர் சொன்னதை நான் முழுதாக நம்பினேன். ஆனாலும் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. நன்றாக இருந்த குடும்பத்தை நானே மோப்பம் பிடித்துக் கெடுத்துவிட்டேன் என்று அழுதேன்.

எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. கதவுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

ஒரு கையில் பச்சை பிளாஸ்டிக் வாளி, அதற்குள் மக்கு, சோப்பு, புது ஈரிழைத் துண்டு. கக்கத்தில் கோரைப்பாய். பாயைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வாளியைச் சுவரோரம் வைத்தார். என் கையை விலக்கிவிட்டு, சாமியின் இரண்டு தோளையும் தானே பிடித்துக்கொண்டார்.

"நீ வூட்டுக்குப் போ மணி. புள்ள தனியா இருக்கும்."

"நீங்க?"

"மொத ரெண்டு மூணு நாளு பொல்லாதது. செவுத்துல எறும்பு ஊர்ற மாரி தெரியும், அலறுவாரு, அடிப்பாரு. ஒனக்குத் தெரியாது. நான் மடத்துல அப்புடிக் கெடந்தப்ப ஒருத்தரும் கிட்ட வரல. இவருதான் ராவும் பகலும் என் பக்கத்துல ஒக்காந்திருந்தாரு."

அதை அவர் அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. அத்தனை 'அய்யா சொன்னாரு'க்கு நடுவில் இந்த ஒன்றைச் சொல்லவில்லை.

அவர் மணிக்கட்டில் கயிறு கிடந்த தடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. கேட்டுக்கு வெளியே கூப்பிடு தூரத்தில் ஒயின் ஷாப் இருக்கிறது. அவரை அங்கே விட்டுவிட்டு வரப் பயமாகத்தான் இருந்தது. விட்டுவிட்டு வந்தேன்.